முதுகில்லாத கோட்டு

தி. நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக்கடைக்கு மேலே மூன்று மாடிகளை வளைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறது ‘நாடித்துடிப்பு மருத்துவக் கல்வி ஆயத்தப் பயிலகம்’. அங்கே டாக்டர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் மாணவர்கள் அத்தனை பேரையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். வருகைப் பதிவேட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். வரவேற்பு மேஜைக்கு ஓ.பி. என்று பெயர். வகுப்பறைகள் வார்டுகள். வாராந்திரத் தேர்வுக்கு ரத்தப் பரிசோதனை என்று பெயர். மார்க் குறைந்தவர்களை மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை உட்கார வைப்பார்கள், அது ஐ.சி.யூ.

தலைவர் ஜவஹரை டீன் என்று அழைக்க வேண்டும். அவர் மருத்துவ நுழைவுத் தேர்வை ஆறு தடவை எழுதியவர். ஆறு தடவையும் தேர்வு அவரைக் கைவிட்டுவிட்டது. ‘இத்துறையில் ஆறு ஆண்டு நேரடி அனுபவம்’ என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது.

சேர்ந்த முதல் நாளே ஒவ்வொருவருக்கும் வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கவிட்டுப் படம் எடுத்துவிடுவார்கள். தேர்வு முடிவு வந்த அன்று ஃப்ளெக்ஸ் அடிக்கிற அவசரத்தில் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அலைய முடியாதல்லவா? அந்தக் கோட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. காலர், பித்தான், கை, பை எல்லாம் இருக்கும். முதுகுப் பக்கம் ஒன்றுமே இருக்காது, கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. ஃப்ளெக்ஸில் முதுகு விழுவதில்லை என்பது டீனின் கண்டுபிடிப்பு.

அந்தக் கோட்டுகளைத் தைத்துக் கொடுப்பவர் மெஹபூப் அலி. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் கடை, கடைக்குப் பின்னால் வீடு. முதல் ஆர்டர் வந்தபோது, “பின்பக்கம் சார்?” என்று கேட்டார். “அதெல்லாம் எம்.பி.பி.எஸ். சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம் பாய்,” என்றார் டீன். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மெஹபூப் அலி நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் தன் ஒரே மகள் ஜோயாவையும் ஜூலை மாதம் அங்கே சேர்த்துவிட்டார். அவளுக்கான முன்பக்கத்தையும் அவரேதான் தைத்தார்.

ஜோயாவுக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசை இருந்ததா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இரண்டு வருடம் முன்பு மழை நாளில் மார்க்கெட் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவள் அம்மா அஃப்சருன்னிசாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு கை விரிந்தபடியே நின்றது, மூடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்த ஒரு பெண் ஆறு வாரம் அந்தக் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு விரல் விரலாக மடக்கினாள். ஏழாவது வாரம் அஃப்சருன்னிசா வீட்டில் ஈரத்துணி ஒன்றைத் தானே பிழிந்தாள். வாளியில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்து அம்மாவும் மகளும் அழுதார்கள். அன்றைக்கே ஜோயா முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டாள். அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அவளுக்குப் பிசியோதெரபி படிப்பில் இடம் ஒதுக்கியிருப்பதாக போனில் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மார்க் ஷீட், டி.சி. இரண்டின் ஒரிஜினலோடு கல்லூரிக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஒரிஜினல் இரண்டும் நாடித்துடிப்பின் ரெக்கார்டு அறையில் இருந்தன. வீட்டில் வைத்தால் கரையான் அரிக்கும் என்று சேர்ந்த அன்றே பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஓ.பி.யில் கேட்டாள். ஆலோசகர் ஷண்முகப்ரியாவிடம் அனுப்பினார்கள்.

“ஒரிஜினல் வேணும் மேடம். எனக்கு பிசியோதெரபி சீட் கிடைச்சிருக்கு.”

ஷண்முகப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நாளா இப்படித் தோணுது டாக்டர்?”

“ரெண்டு வருஷமா மேடம்.”

“ரெண்டு வருஷமாவா! யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கீங்க. தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா?”

“ரெண்டும் நல்லா இருக்கு மேடம்.”

“வீட்ல வேற யாருக்காவது இருக்கா? நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன், இந்த மாதிரி ஏதாவது?”

ஜோயா யோசித்தாள். “பெரியம்மா பொண்ணு கைசர் ஜஹான் நர்ஸா இருக்காங்க.”

“அப்ப குடும்பத்துலயே இருக்கு,” என்று ஷண்முகப்ரியா குறித்துக்கொண்டாள்.

ஒரிஜினல் வாங்க வேண்டுமென்றால் முறைப்படி டிஸ்சார்ஜ் ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆக வேண்டுமென்றால் முழுத் தகுதிச் சான்று வேண்டும். மாதிரித் தேர்வில் அறுநூறு மார்க் தாண்டியவருக்குத்தான் முழுத் தகுதி.

“அறுநூறு எடுத்தா அனுப்பிடுவீங்களா மேடம்?”

“அறுநூறு எடுத்தவரை எப்படி டாக்டர் அனுப்புவோம்? அவர்தானே ரேங்க் வாங்கப் போறார்!”

“அறுநூறு எடுக்கலைன்னா?”

“அரைகுறையா வெளியே அனுப்ப எங்க மனசாட்சி இடம் கொடுக்காது,” என்றாள் ஷண்முகப்ரியா. உண்மையிலேயே அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு ஒரு தாளில் ‘மாற்றுப் படிப்பு நாட்டம், முற்றிய நிலை’ என்று எழுதி முத்திரை குத்தி, ஜோயாவை அன்றைக்கே ஐ.சி.யூ.வில் சேர்த்தாள்.

ஐ.சி.யூ.வில் பக்கத்து மேஜை சைஃபுடையது. நங்கநல்லூரிலிருந்து வருகிறவன், மூன்றாவது வருடம். முதல் நாள் எடுத்த படத்தில் அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. இப்போது தாடியே வைத்திருந்தான். பர்ஸிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். பி.பார்ம் சீட்டுக்கான கடிதம்.

“இது போன வருஷத்து லெட்டர். நாலு நாள் டைம் குடுத்தாங்க. இவங்க ஃபார்ம் குடுக்கவே அஞ்சு நாள் ஆச்சு. அதுக்கு முந்தின வருஷமும் இதே கதை. இந்த வருஷமும் போட்டுக்கீறேன், அடுத்த வாரம் வந்துரும். இன்னா பண்றதுன்னு தெரியல.”

ஜோயாவுக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. கோபம்கூட வரவில்லை. அந்தக் காகிதத்தின் மடிப்புகள் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

புதன்கிழமை டீன் ரவுண்ட்ஸ் வந்தார். முன்னால் அவர், பின்னால் ஆசிரியர்கள், கடைசியில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஒருவர். ஜோயா எழுந்து நின்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். டீன் கோபப்படவில்லை, அறை முழுவதையும் பார்த்துப் பேசினார்.

“டாக்டர்களே! நாட்டுக்கு நர்ஸ் வேணாமா, பிசியோ வேணாமா, பார்மசிஸ்ட் வேணாமான்னு கேக்குறாங்க. வேணும். கண்டிப்பா வேணும். எனக்கே போன மாசம் இடுப்புப் பிடிப்பு, பிசியோதான் சரி பண்ணாங்க. தங்கமான பொண்ணு. ஆனா ஒண்ணு சொல்லுங்க, அந்தப் பொண்ணு படத்தை ஃப்ளெக்ஸ்ல போட்டா யாராவது இங்க வந்து சேருவாங்களா? நான் உங்களை உங்களுக்காக மட்டும் தயார் பண்ணல. அடுத்த வருஷம் சேரப் போறவங்களுக்காகவும் தயார் பண்றேன்!”

கைதட்டினார்கள். அடங்கியதும் டீன் ஜோயாவின் பக்கம் குனிந்து கனிவாகச் சொன்னார்: “டாக்டர், அடுத்த வருஷ ஃப்ளெக்ஸ் டிசைன் முடிஞ்சிருச்சு. நடுவுல பெரிசா உங்க படம்தான். இந்த பேட்ச்ல உங்க சிரிப்புதான் நல்லா விழுந்திருக்கு. இப்ப போய் மாத்தச் சொன்னா எப்படி?”

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஜோயா ரெக்கார்டு அறைக்குப் போனாள். அங்கே இருக்கும் பேச்சியம்மாளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அந்தக் கட்டடத்திலேயே யாரையும் டாக்டர் என்று கூப்பிடாத ஒரே ஆள். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள்.

“இங்க பாரு தாயி. மொத நோட்டு கொணமாகிப் போனவுகளுக்கு. இன்னைக்கு வரைக்கும் ஒரு பேரு கெடையாது. ரெண்டாவது சொல்லாமக் கொள்ளாம ஓடிப் போனவுக. அவுகளுக்கு ஒரிஜினல் கெடையாது. மூணாவது வேற எடத்துக்கு மாத்துறது. அதுக்கு இருபத்தொரு வேலை நாளு. நாலாவது நோட்டுக்கு மட்டும்தான் காத்துக் கெடக்க வேண்டாம். பெத்தவுக வந்து கையெழுத்துப் போட்டா அன்னைக்கே குடுத்துருவாவ.”

“அது என்ன நோட்டு ஆன்ட்டி?”

“எறந்தவுக நோட்டு. ஆஸ்பத்திரின்னா நாலும் இருக்கும்லா, அதான் டீன் சாரு நாலையும் சேர்த்தே வாங்கிட்டு வந்தாவ. பக்கம்கூட இன்னும் பிரிக்கல, பாரு.”

அன்று இரவு ஜோயா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். மெஹபூப் அலி மெஷினை நிறுத்தினார். மகள் தனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டதற்குக் கோபப்படுவதா, நாலாவது நோட்டுக்குக் கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பெரிய கோபமே முந்திக்கொண்டது.

“தவ்பா, தவ்பா! உசுரோட கீற பொண்ணை செத்துட்டான்னு நான் சொல்றதா? என் வாயால வராது. போலீசுக்குப் போலாம், வா.”

“இன்ஸ்பெக்டர் பையன் ரெண்டாவது வார்டுல இருக்கான்பா. அவன் ஒரிஜினலும் அங்கதான் இருக்கு.”

மெஹபூப் அலி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த அஃப்சருன்னிசா கையை நிறுத்தவில்லை.

“நீங்க போய்ட்டு வாங்க. பொய் சொல்லாதீங்க. அவங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து, தொப்பியைக்கூட எடுக்காமல் மெஹபூப் அலி வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. டீன் அறையில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“பாய், நீங்களே இப்படிப் பண்ணலாமா? இத்தனை டாக்டருக்குக் கோட்டு தைச்ச கை உங்க கை!”

“அதான் சார் நானும் யோசிச்சிக்கினு இருந்தேன்,” என்றார் மெஹபூப் அலி. அவர் தணிந்துதான் பேசினார். “முதுகில்லாத கோட்டு போட்டுக்கினு ஒருத்தனும் தெருவுல இறங்க முடியாது சார். உள்ளேயே சுவத்துல சாஞ்சி நிக்கணும். அப்ப தோணல எனக்கு. என் பொண்ணை அனுப்பிடுங்க.”

“இன்னைக்கே அனுப்பணும்னா ஒரே நோட்டுதான் பாய்,” என்று டீன் பெருமூச்சு விட்டு மணியடித்தார். பேச்சியம்மாள் நாலாவது நோட்டையும் அதோடு வந்த படிவத்தையும் கொண்டுவந்து வைத்தாள். டீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். விதி என்று வந்துவிட்டால் அவர் விதிப்படிதான் நடப்பார்.

“முதல் கேள்வி. கூப்பிட்டால் பதில் தருகிறாரா?” நிமிர்ந்து கூப்பிட்டார். “டாக்டர் ஜோயா!”

ஜோயா பேசாமல் இருந்தாள். ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

“உயிரியல் என்று சொன்னால் அசைவு உண்டா?”

ஜோயாவுக்கு உயிரியல் பிடிக்கும். ஆனாலும் அசையாமல் இருந்தாள்.

“எம்.பி.பி.எஸ். என்று சொன்னால் கண்ணில் ஒளி தெரிகிறதா?” டீன் மேஜை இழுப்பறையிலிருந்து படம் எடுக்க வைத்திருந்த குட்டி டார்ச்சை எடுத்து, இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். “எம்.பி.பி.எஸ்.,” என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

“கடைசிக் கேள்வியைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். இவர் இனி பயிலகத்துக்கு வருவாரா?”

மெஹபூப் அலி மகளைப் பார்த்தார். இதற்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

“வரமாட்டா சார்.”

டீன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து வந்து மெஹபூப் அலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எங்களால ஆனதையெல்லாம் செஞ்சோம் பாய். டாக்டராக மாட்டேன்னு ஒருத்தர் சொல்லிட்டா, எங்களைப் பொறுத்த வரைக்கும் அதுக்குப் பேரு இதுதான்.” கைக்கடிகாரத்தைப் பார்த்து ‘2.35’ என்று எழுதினார்.

ஆசிரியர்கள் வந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையென்று ஜோயாவும் எழுந்து நின்றாள். ஷண்முகப்ரியா விசும்பினாள். பிறகு டீ வந்தது, இரண்டு கப் மட்டும். மெஹபூப் அலி தன் கப்பை மகள் பக்கம் நகர்த்தி வைத்தபோது டீன் முகம் சுளித்தார்.

ஒரிஜினல் கைக்கு வந்தபோது இரண்டே முக்கால். படி இறங்கி ஓடினால், கீழே ஸ்டூலில் பொன்ராஜ் உட்கார்ந்திருந்தான். வெளியே போகும் கம்பிக் கதவின் சாவி அவன் இடுப்பில் இருந்தது.

“பாஸ் எங்கம்மா?”

“நான் செத்துட்டேன்ணா. மேல நோட்டுல எழுதியாச்சு.”

பொன்ராஜ் மேலே போன் போட்டு விசாரித்தான். “ஆமா, சொல்றாங்க. ஆனா செத்தவங்க தானா நடந்து போவக் கூடாது. ஆள் வந்து வாங்கிக்கினு போவணும்,” என்று சொல்லி இன்னொரு சீட்டை நீட்டினான். அதில் ‘உடலைப் பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் மெஹபூப் அலி கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே ‘உடலின் நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் திரும்பி மகளைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதினார்.

ஆட்டோவில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு அடிக்கப் பத்து நிமிடம். அங்கிருந்த எழுத்தர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, டி.சி.யோடு பின் போட்டிருந்த நாடித்துடிப்பின் சீட்டில் நின்றார்.

“யாரும்மா இறந்தது?”

“நான்தான் சார்.”

“எங்க?”

“தி. நகர்ல சார்.”

எழுத்தர் அவளைப் பார்த்தார். வாசலில் தொப்பியோடு நிற்கும் அப்பாவைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். “ஒரிஜினல் ரெண்டும் இருக்குல்ல? போதும்,” என்று பின்னைப் பிடுங்கிவிட்டு முத்திரை குத்தினார்.

சனிக்கிழமை காலை கச்சேரி ரோட்டில் பத்தடி உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நின்றது. ‘அடுத்த ஆண்டின் முதல் ரேங்க் டாக்டர் ஜோயாவை விதி பறித்தது’ என்று எழுதி, வெள்ளைக் கோட்டில் அவள் சிரிக்கும் படமும், அதைவிடப் பெரிதாக டீன் வருந்தும் படமும், கீழே சேர்க்கைக்கு அழைக்க வேண்டிய எண்ணும் போட்டிருந்தார்கள். எதிர் வீட்டுப் புஷ்பம் அழுதுகொண்டே ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஜோயாவே கதவைத் திறந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அஃப்சருன்னிசா கடையிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். முறிந்து சேர்ந்த அதே கையால் நான்கு கயிற்றையும் வெட்டினாள்.

செய்தி ஐ.சி.யூ.வுக்கும் போய்ச் சேர்ந்தது. திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் நாடித்துடிப்பில் பதினேழு பேர் காலமானார்கள். இன்ஸ்பெக்டர் பையனும் அதில் ஒருவன். செவ்வாய் மாலை டீன் நாலாவது நோட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இனி இறக்க விரும்புவோர் இருபத்தொரு வேலை நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சைஃபுக்குப் பி.பார்ம் கடிதம் திங்களன்றே வந்திருந்தது. கையெழுத்துப் போட அவனுக்கு இருந்தது அப்பா மட்டும்தான். ஓமனில் வேலை பார்க்கும் அவர் லீவு சொல்லி விமானம் ஏறிப் புதன்கிழமை காலையில் வந்து இறங்கினார்.

வியாழக்கிழமை காலை மெஹபூப் அலி மகளின் கல்லூரிக் கோட்டுக்காக அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகில் டேப் வைத்தார். மேஜைமேல் அவர் போன் ஒலித்தது. வாசித்தார். ‘டாக்டர் ஜோயா இன்றும் வகுப்புக்கு வரவில்லை. பெற்றோர் உடனே நேரில் வரவும்.’ தினமும் ஏழு பத்துக்கு இது வந்துகொண்டுதான் இருந்தது.

“செத்தவளுக்கு ஆப்சென்ட் போட்டுக்கீறாங்க,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். “நிமிந்து நில்லு பேட்டா.”

அளவைத் துணியில் குறித்தார். சாக்பீஸைக் கீழே வைக்காமல் இன்னொரு துண்டுத் துணியை எடுத்து விரித்தார்.

“இது யாருக்குப்பா?”

“அந்த சைஃப் பையனுக்கு.”

“அவன் வெளிய வர முடியாதுப்பா. இந்த வருஷ சீட்டும் போச்சு.”

“வருவான்ல ஒருநாள். தைச்சி வெச்சிருப்போம்.”

“அளவு தெரியாதே?”

மெஹபூப் அலி குனிந்து கோடு போட ஆரம்பித்தார். “மூணு வருஷமா அவனுக்கு முன்பக்கம் தைச்சது நான்தான். பின்பக்கமும் அதே அகலம்தான்,” என்றார்.